வெளியூரில் வார இறுதி, இரவுக் காட்சி: இருவராகப் போனபோது நடந்தவை

கரூர் ரசிகன்

நானும் மனைவியும் அவ்வப்போது சனிக்கிழமை காலையில் கரூரிலிருந்து சென்னைக்குப் போய், இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வண்டியேறுகிறவர்கள். இங்குள்ள பலருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ராயப்பேட்டைப் பக்கம் ஓர் அரங்கில் இரவுக் காட்சி. எங்கள் பக்கத்தில் ஐம்பதைக் கடந்த ஒரு தம்பதி அமர்ந்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் அந்த அம்மா கணவரின் காதருகே குனிந்து, "மழை பெய்யுது. ஒருத்தன் குடையில்லாம வர்றான். முகம் தெரியல," என்று சொல்லத் தொடங்கினார். கணவருக்குப் பார்வை இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

வசனம் வரும்போது அந்த அம்மா பேசுவதில்லை. வசனம் நின்ற இடங்களில் மட்டும் இரண்டு மூன்று சொற்களில் சொல்லி முடித்துவிடுவார். நகைச்சுவைக் காட்சி ஒன்றில் பின்னாலிருந்த நாற்காலி நகர்த்தப்பட்டதால் ஒருவர் விழ, அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, மனைவி சொல்லிக் கேட்டு, அவர் மட்டும் தனியாக உரக்கச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "வீட்டுல உக்காந்து கதை சொல்லலாமே," என்றார். அந்த அம்மா அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. இறுதிக் காட்சியில் ஏறக்குறைய ஐந்து நிமிடங்களுக்கு வசனமே கிடையாது, பின்னணி இசை மட்டும்தான். கணவர் முகத்தை லேசாக ஒருபக்கம் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து படியில் இறங்கும்போது அவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, வீடு நிஜமாவே எரிஞ்சுதா, இல்ல அவன் கனவா?" என்று கேட்டார். நான் "எரிந்துவிட்டது" என்றேன், என் மனைவி அதே நேரத்தில் "கனவு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, ரெண்டு படமா எடுத்துட்டாங்க போல," என்றார். நாங்கள் இருவரும் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே வாதிட்டோம், இன்றுவரை முடிவு காணவில்லை.

தென்னூர் ராணி

எங்கள் கதை அரங்குக்குள் போவதற்கு முன்பே நடந்தது. திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத நேரம். என் ஆதாரில் அப்பாவின் பெயரும் திருச்சி முகவரியும், கணவருடையதில் அவர் சொந்த ஊர் முகவரியும் இருந்தன. பத்தேகால் மணிக் காட்சிக்குச் சீட்டு எடுத்துவிட்டு, பையை வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒன்பதரை மணிக்கு விடுதியில் நுழைந்தால், வரவேற்பில் இருந்த பையன் இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆனதுக்கு ஏதாச்சும் இருக்கா மேடம்?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் சாவியைக் கையிலிருந்து விடவில்லை.

என் கணவர் கைப்பேசியில் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அதில் அவருக்கு அடர்ந்த தாடியும் தலை நிறைய முடியும் உண்டு. நாங்கள் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் பழனியில் மொட்டை போட்டிருந்தார். பையன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, என்னைப் பார்த்து, அவரைப் பார்த்து, மிகுந்த வருத்தத்தோடு, "மேடம் நீங்கதான்னு தெரியுது. சார் யாருன்னுதான் தெரியல," என்றான். பின்னால் காத்திருந்த ஒரு குடும்பம் சிரித்துவிட்டது. கடைசியில் ஊரிலிருந்த என் மாமியார் காணொளி அழைப்பில் வந்து, "அவன் என் பையன்தான்பா, காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கும் பாரு," என்று சொன்ன பிறகே சாவி கிடைத்தது. பையன் எழுந்து வந்து மச்சத்தையும் பார்த்தான். எனக்குக் கோபம் படம் தவறியதற்காக அல்ல. அவன் மச்சத்தைப் பார்த்ததற்காக.

எழும்பூர்வாசி

என் அனுபவம் சிறியது. நள்ளிரவு ஒன்றரை மணிக்கு மனைவியோடு அண்ணா சாலையில் நின்றிருந்தபோது, எழும்பூருக்கு வர ஓர் ஆட்டோக்காரர் 600 ரூபாய் கேட்டார், நாங்கள் நடந்தே வந்தோம். ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, தென்னூர் ராணிக்கு. திருமணச் சான்று கேட்க அந்த விடுதிக்கு எந்தச் சட்டமும் உதவாது. கோயம்புத்தூரில் அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்ட ஒரு தங்குமிடம் தொடர்பான வழக்கில், திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. திருமணமாகாதவர்களுக்கே அப்படியென்றால் திருமணமானவர்கள் எதற்காக மச்சத்தைக் காட்ட வேண்டும்? நீங்கள் அந்த இடத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரவுக் காட்சியைத் தேர்ந்தெடுப்பதே சரியில்லை என்பது என் கருத்து. மெட்ரோவில் கடைசி ரயில் இரவு பதினொரு மணியளவில் போய்விடும். அதனால் ஆறரை மணிக் காட்சிக்குப் போங்கள், மூன்று மணி நேரப் படமாக இருந்தாலும் ரயிலைப் பிடித்துவிடலாம். அரங்கைத் தேர்வு செய்யும்போதே நிலையத்தையும் பாருங்கள். தேவி வளாகத்துக்கு அரசினர் தோட்டம், வடபழனி வணிக வளாகத்தில் இருக்கும் அரங்குகளுக்கு வடபழனி, அண்ணா நகர்ப் பக்கம் என்றால் திருமங்கலம். விமான நிலையத்திலேயே அரங்கு வந்துவிட்டது. மீனம்பாக்கம் பக்கம் தங்குகிறவர்களுக்கு அது வசதி. குடிநீருக்குக் காசு கொடுக்காதீர்கள். வெளியுணவை அனுமதிப்பதும் மறுப்பதும் அரங்கு உரிமையாளரின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னபோதே, குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பலருக்கு முதல் பாதிதான் நினைவிருக்கிறது.

மூன்றாவது, கரூர் ரசிகன் அவர்களுக்கு. அந்தத் தம்பதி மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆனாலும் அரங்கில் பேசுவது பேசுவதுதான். பார்வையற்றோருக்காகக் காட்சிகளை விவரிக்கும் ஒலித்தடம் இப்போது கைப்பேசிச் செயலியிலேயே கிடைக்கிறது, காதொலிப்பானை மாட்டிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை. முன்வரிசைக்காரரை வில்லனாக்க வேண்டியதில்லை.

வடக்கு மாசி வீதி

எழும்பூர்வாசி ஐயா, என் அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, அண்ணியும் அவரும் மாதம் ஒரு படமாவது பார்ப்பவர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். செயலி இருப்பது உண்மை. அது அரங்கின் ஒலியைக் கேட்டு, படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, விவரிப்பைச் சரியாக அந்த இடத்திலிருந்து தொடங்கும். ஆனால் தயாரிப்பாளர் அந்த ஒலித்தடத்தைச் செய்து கொடுத்திருந்தால்தானே செயலியில் இருக்கும்? ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில்தான் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. என் அண்ணன் பார்க்க விரும்பும் சிறிய தமிழ்ப் படங்களுக்கு நாங்கள் தேடியபோதெல்லாம் கிடைத்ததில்லை. ஒலித்தடம் இல்லாத படத்துக்கு அண்ணிதான் ஒலித்தடம்.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து அண்ணனும் அண்ணியும் கோவைக்குப் போயிருந்தபோது, இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெண் அண்ணியிடம், "அக்கா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, நீங்க சொல்றது நல்லா இருக்கு," என்றாராம். அண்ணிக்கு அதில் பெருமைதான். அண்ணனுக்கு மட்டும் ஏதோ குறை. இரண்டாம் பாதி முழுவதும் அண்ணி அந்தப் பெண்ணுக்காகச் சொன்னாளே தவிர தனக்காகச் சொல்லவில்லை என்பது அவருடைய புகார். "கதாநாயகி கட்டின புடவை நிறமெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று இன்றும் கேட்பார்.

கரூர் ரசிகன்

எழும்பூர்வாசி ஐயா, முன்வரிசைக்காரரை நான் வில்லனாக்கவில்லை. அவரும் மனைவியோடு வந்திருந்தார், அவர் மனைவிதான் அவர் தோளைத் தட்டித் திருப்பி உட்கார வைத்தார். படத்தின் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன், சொன்னால் முடிவும் தெரிந்துவிடும்.

குடந்தை அம்மாள்

உங்கள் எல்லோருக்கும் வயதில் மூத்தவள். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமான புதிதில் என்னை அவர் கும்பகோணத்திலிருந்து மதராஸுக்கு அழைத்துப்போனார். அண்ணா சாலையில் சஃபையர் வளாகம் இருந்தது. 1964-இல் திறந்தது, சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கூரையின்கீழ் மூன்று அரங்குகள். அதில் புளூ டைமண்டில் தொடர் காட்சி. ஒரே படம் காலையிலிருந்து இரவுவரை திரும்பத் திரும்ப ஓடும். சீட்டு வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்றே பாதிப்பேர் வருவார்கள், ஜோடிகள் எதற்கு வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டார்ச் விளக்கோடு வந்த ஆள் எங்களை இருட்டில் உட்கார வைத்தபோது இங்கிலீஷ் படம் முடியும் தறுவாயில் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த நீலக்கண்காரன் யார் மடியிலோ தலை வைத்து இறந்துபோனது புரிந்தது, அழுதுவிட்டேன். சற்று நேரத்தில் படம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. செத்தவன் எழுந்து, கண்ணாடி முன் நின்று, பாட்டை முணுமுணுத்தபடி பல் துலக்குகிறான்! அவன் சிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. இவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நாங்கள் நுழைந்த காட்சி வந்ததும், "நாம வந்த இடம் வந்துடுத்து, எழுந்திரு," என்றார். அவன் எதற்காகச் செத்தான் என்று இப்போதுதானே தெரிந்தது, இனிமேல்தானே நியாயமாக அழ வேண்டும் என்பது என் கட்சி. பார்த்ததையே பார்க்கக் காசா கொடுத்தோம் என்பது அவர் கட்சி. அவர் கட்சிதான் ஜெயித்தது. இன்னொருமுறை உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதுதான் ஆற்றாமை.

எழும்பூர்வாசிக்கு: அந்தக் காலத்தில் இரண்டாம் ஆட்டம் முடிந்து நாங்களும் நடந்துதான் திருவல்லிக்கேணிக்குப் போனோம். கூட்டத்தோடு கூட்டமாக நடக்கலாம் என்பதால் பயமில்லை. இப்போது அந்தக் கூட்டம் ஆளுக்கொரு வண்டியில் கலைந்துவிடுகிறது.

ஓசூர் எல்லை

நாங்கள் எதிர்த்திசையில் போகிறவர்கள். 2023 ஆகஸ்டில் ரஜினி படம் வந்தபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான், பெங்களூரில் ஆறு மணிக்கே. வேறு ஊர்க்காரர்கள் பாலக்காட்டுக்கும் பெங்களூருக்கும் இரவோடிரவாகப் பயணம் செய்தார்கள். எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் நான் மனைவியை விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுப்பிவிட்டேன். அவள் முந்தைய நாள்தான் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்திருந்தாள்.

வாகன நிறுத்தத்தில் பாதிக்குப் பாதி தமிழ்நாட்டு எண்கள். உள்ளே தலைவர் பெயர் திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தபோது காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிந்தன, காதைக் கிழிக்கும் விசில். திரும்பிப் பார்த்தால் என் மனைவி வாயைச் சற்றே திறந்தபடி ஆழ்ந்து தூங்குகிறாள், தலைமுடியெல்லாம் காகிதத் துண்டுகள். பக்கத்திலிருந்த ஒரு ரசிகர் அவளைப் பார்த்துவிட்டு, விசிலடிக்க வாயருகே கொண்டுபோன விரலை எடுத்துவிட்டு, எழுந்து நான்கு இருக்கைகள் தள்ளிப் போய் நின்று அடித்தார். அவர் யாரென்று தெரியாது, அந்த இரைச்சலில் அவர் ஒருவர் தள்ளிப்போனதால் என்ன மாறிவிடும் என்றும் தெரியவில்லை. ஆனாலும் படத்தில் வேறெந்தக் காட்சியைவிடவும் எனக்கு இதுதான் நினைவிருக்கிறது.

எழும்பூர்வாசி ஆட்டோவுக்கு 600 ரூபாய் என்கிறார். தமிழ்நாட்டில் பன்திரை (மல்டிபிளெக்ஸ்) அரங்குகளில் ஒரு சீட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று 2017-இலேயே உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். கர்நாடகத்தில் 2025-இல் 200 ரூபாய் வரம்பு கொண்டுவந்தபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது. வார இறுதியில் பெங்களூரில் இருவர் படம் பார்க்கும் செலவை அறிந்தால் அவர் அந்த ஆட்டோக்காரரை மன்னித்துவிடுவார். நான் அன்று ஒரு சீட்டுக்குக் கொடுத்த தொகையை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தூங்கியது அவளுடைய சீட்டில் என்பதால் சொல்வதாகவும் இல்லை.