தேம்ஸ் படகுத்துறைப் படம்: அசலா, நகலா?

கேள்வி:
லண்டனில் நர்ஸாக இருந்த அத்தையின் வீட்டைக் காலி செய்தபோது இந்தப் படம் என் பங்குக்கு வந்தது. முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் படகுகள், ஆற்றங்கரையில் நெருக்கியடித்துக்கொண்டு கிட்டங்கிகள். கீழே விஸ்லர், 1859 என்று இருக்கிறது. சட்டம் போடுகிற கடைக்காரர், "பேனா ஓவியம் சார், உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்கிறார். உண்மையா?

பதில் 1:
உலகத்திலேயே ஒன்று என்று சொல்லிவிட்டு எவ்வளவுக்குக் கேட்டார்?

பதில் 2:
பேனா இல்லை, எட்சிங். ஓவியக் கல்லூரியில் இதைப் படித்து, அமிலத்தில் இரண்டு சட்டையை ஓட்டையாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவோம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம், அதுவும் இடம் வலம் மாறி. உங்கள் படத்தில் கிட்டங்கி எழுத்துகள் நேராக இருக்கின்றன, பார்த்தீர்களா? அப்படியானால் தகட்டில் அத்தனையையும் திருப்பி எழுதியிருக்கிறார் மனிதர்!

படத்தின் பெயர் பிளாக் லயன் வார்ஃப். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1871இல் தன் அம்மாவை வரைந்தாரே, அந்த ஓவியத்தில் சுவரில் தொங்குவது இதுதான். அதே ஆண்டு இதையும் சேர்த்துப் பதினாறு தேம்ஸ் எட்சிங்குகள் தொகுப்பாகவும் வெளிவந்தன. ஆக, ஒன்றே ஒன்று என்பது கதை. அமெரிக்கக் கடலோர நில அளவைத் துறையில் வரைபடத் தகடு கீறப் பழகியவர் என்பதால்தான் ஓடு, பலகை, கயிறு எதையும் விடவில்லை.

சரி, அசலா என்று பார்க்க: சட்டத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வையுங்கள். அசலில் கோடு என்பது கோடாகவே இருக்கும், விரலை வைத்தால் மை லேசாகத் தடிக்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் இயந்திரத்தில் அச்சடித்த நகல், புத்தகத்திலிருந்து கிழித்த பக்கமாகக்கூட இருக்கலாம். பழைய தாளைச் சோப்புத் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

கேட்டவர்:
கழற்றினேன். புள்ளிதான், புள்ளியோ புள்ளி. பின்அட்டையில் அத்தை கையெழுத்தில் பால் கணக்கு இருந்தது. அது அசல்.