மறு: பாளத்துக்கு அடியில் இருப்பதன் பெயர் – ‘நொய்யடுக்கு’ சரிவருமா?

> ‘பலவீனமான அடுக்கு’ என்று எழுதிவிட்டுப் போகலாமே. பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இந்த மெனக்கெடல்?

வணக்கம். பனிச்சரிவில் மேலே இறுகிய பனிப்பாளத்துக்கு அடியில் நொறுங்கும் அடுக்குக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இழைக்கு இது என் பதில்.

பெய்யாத ஊர்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்போது மின்விசிறிக்கடியிலும் வேர்க்கிறது. ஆனால் 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிக்குள் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள். பனி நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி இல்லை.

என் வீட்டுச் சங்கதி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பேரன் கால்கரியில் படிக்கிறான். சனிக்கிழமையானால் ராக்கி மலையில் காவலோ கம்பிவண்டியோ இல்லாத பக்கமாகப் பார்த்துப் பனிச்சறுக்கப் போய்விடுகிறான். அங்கே என்ன ஆபத்து என்று அவன் பாட்டிக்கு விளக்குவது என் வேலை. ‘பனிச்சரிவு’ என்றதும் அவளுக்கு 2022இல் இங்கே பத்தாங் காலியில் 31 பேரைக் கொண்டுபோன மண்சரிவுதான் நினைவுக்கு வந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் வந்து விழுந்தது. மலையேறிகளைக் கொல்லும் பனிச்சரிவு பெரும்பாலும் அவர்களே, இல்லை கூட வந்தவர்களே, மிதித்துக் கிளப்பிவிடுவது. மிதிபட்டு நொறுங்குகிறதே, அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

மேலே காற்று இறுக்கிய பனிக்குப் ‘பாளம்’ என்று போன வாரமே முடிவாகிவிட்டது. அடியில் நடப்பது வேறு. தரையோரம் 0 டிகிரியை ஒட்டி இருக்கும், மேலே கடுங்குளிர். பனி மெல்லியதாகக் கிடந்தால் அந்த வித்தியாசம் சிறு உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே நீராவி ஒரு பனிமணியை விட்டு இன்னொன்றுக்குத் தாவி மேலேறும். மணிகள் பெருத்து, கோணல்மாணலாகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். ராக்கியின் உள்மலைகளில் பனி கொஞ்சம், குளிர் அதிகம். அதனால் அங்கே இது தீராத தலைவலி.

போன மாதம் பேரன் குழி தோண்டிக் காணொளி அனுப்பினான். அடியிலிருந்து ஒரு கை அள்ளினான். கையுறை விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவள், “என்னங்க இது, நொய்யரிசி மாதிரி கொட்டுது” என்றாள். தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகுமுன் நொய்க்கஞ்சி குடித்து வளர்ந்தவள். நான் வாரக்கணக்காக அகராதி புரட்டிக்கொண்டிருந்தேன்!

நொய் என்றால் உடைந்த அரிசி. நொய்ம்மை என்றால் திடமின்மை. இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது விடுவானேன்? கோவை நண்பர் முன்மொழிந்த ‘நலிவடுக்கு’ அழகுதான். ஆனால் நலிவு, முன்பு திடமாக இருந்தது பிறகு கெட்டதுபோல் தொனிக்கிறது. பனியின் மேல் இறகுபோல் பூத்து, அடுத்த பொழிவில் புதைந்துபோகும் படிகமும் இதே வேலையைச் செய்யும்; அது பிறக்கும்போதே நொய்ந்தது. அதற்குப் ‘பூம்பனி’, அடியில் விளைவதற்கு ‘நொய்ப்பனி’, பாளத்தைத் தாங்கமாட்டாத எதற்கும் பொதுப்பெயர் ‘நொய்யடுக்கு’.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 30 செ.மீ. சதுரத்தில் பனியைத் தூணாக வெட்டி, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார்கள்; குறைந்த தட்டிலேயே நொறுங்கினால் ஆபத்து அதிகம். “12ஆம் தட்டில் நொய்யடுக்கு நொறுங்கிப் பாளம் இழுப்பறைபோல் வெளியே வந்தது.” நாக்கில் இடறவில்லை. பேரனுக்கும் அன்று 12தான், திரும்பிவிட்டான்.



> நொய் இங்கே இளையவர்களுக்குத் தெரியாது ஐயா. கடையில் குருணை என்றுதான் கேட்கிறார்கள். ‘குருணையடுக்கு’?

பொடி என்பது வரும், திடமின்மை வராது. மேலும் எங்கள் வீட்டில் சொல் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பேரன் அழைத்ததும், “பசியாறிட்டியா” என்பதற்கு முன்னாலேயே பாட்டியின் கேள்வி வந்துவிடுகிறது: “அங்க அடியில நொய்யி இருக்கா இல்லையா, அத மொதல்ல சொல்லு.”