கிளவுட் பேக்கப் மென்பொருள்கள்: எந்த முன்னேற்றம் உண்மையில் பயன்பட்டது?

(கணினித் தரவின் காப்புப் பிரதியை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள சேமிப்புக்கு அனுப்பி வைப்பவை இம்மென்பொருள்கள். மேற்கண்ட கேள்விக்கு உறுப்பினர்கள் மூவர் தத்தம் அனுபவத்தைக் கொண்டு எழுதிய பதில்கள் கீழே.)

புறக்கோட்டை உறுப்பினர், கணினிப் பராமரிப்பு:

மொத்த வியாபார நிறுவனங்கள் சிலவற்றின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில்தான் பேக்கப் மென்பொருள்களுக்கிடையிலான வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கெய்சர் வீதியில் புடவை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் அப்போதிருந்த மென்பொருள், பதிவேற்றம் பாதியில் அறுந்தால் அந்தக் கோப்பை மறுபடியும் தொடக்கத்திலிருந்தே அனுப்பும். கணக்குத் தரவுத்தளமோ ஒரே பெருங்கோப்பு. மின்சாரம் வரும், பதிவேற்றம் தொடங்கும், முடிவதற்குள் மின்சாரம் போய்விடும். வாரக்கணக்கில் ஒரு முழுப் பிரதிகூட மேலே போய்ச் சேரவில்லை. வினாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 200 ஜிகாபைட்டை அனுப்ப, தடையே இல்லாவிட்டாலும் ஏறத்தாழ 44 மணித்தியாலங்கள் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அதற்குப் பதிலாக நாங்கள் எடுத்த மென்பொருள் கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளக் குறியீட்டைக் கணித்து, ஏற்கெனவே மேலே சென்றவற்றை விட்டுவிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. இணைப்பு அறுந்தாலும் நின்ற இடத்திலிருந்தே தொடர்கிறது. ஊழியர்கள் தரவுத்தளத்தைத் திறந்து வைத்திருக்கும்போதே, விண்டோஸின் நிழற்பிரதி வசதியைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்துக்கொள்வதால், பாதி எழுதப்பட்ட பதிவுகள் பிரதியில் கலப்பதும் இல்லை. விற்பனைக்கு வருபவர்கள் காட்டும் வண்ண வண்ண வரைபடங்களில் இவை எதுவும் இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளவத்தை உறுப்பினர், கணக்காய்வு நிறுவனம்:

முதலில் எழுதிய நண்பர் பிரதி மேலே போய்ச் சேர்வதைப் பற்றிக் கூறினார். மேலே போனது அங்கேயே நிலைத்திருக்குமா என்பதுதான் எங்களுக்கு எழுந்த கேள்வி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட் (அரச அலுவலகங்களுக்கான பொதுக் கணினிச் சேவை) மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலில், அதாவது தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதலில், அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய அலுவலகங்கள் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தன. அச்செய்தி வந்த பின்னர் எங்கள் பங்காளர்கள், நிர்வாகிக் கடவுச்சொல் ஒருவன் கையில் சிக்கினால் அவனால் பிரதிகளை அழிக்க முடியுமா என்று அப்போதைய சேவை வழங்குநரிடம் கேட்டார்கள். முடியும் என்பதே பதில்.

ஆகவே, அழிக்க முடியாத பிரதிகளைத் தரும் மென்பொருளுக்கு மாறினோம். அமேசன் நிறுவனத்தின் எஸ்3 என்ற இணையச் சேமிப்பில் 2018 முதல் ஒப்ஜெக்ட் லொக் என்ற பூட்டு உள்ளது; எங்கள் மென்பொருள் அதையே பயன்படுத்துகிறது. இதில் இரண்டு வகை உண்டு என்பதை வாங்குபவர்கள் கட்டாயம் கேட்டறிய வேண்டும். கவர்னன்ஸ் வகையில் தனி அனுமதி பெற்ற ஒருவர் பூட்டைத் திறக்கலாம். கம்ப்ளையன்ஸ் வகையிலோ, குறித்த காலம் முடியும் வரை கணக்கின் உரிமையாளராலும் அழிக்க இயலாது, காலத்தைக் குறைக்கவும் இயலாது. ஆண்டுக்கணக்கில் பூட்டிவிட்டால், தேவையற்ற பிரதிகளுக்கும் அத்தனை ஆண்டுகள் டொலரில் கட்டணம் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும் (ரூபாய் விழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்). மேலும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவை அழிக்கும்படி தனிநபர்கள் கோரும் உரிமைக்கு ஏற்பாடு செய்கிறது. ஆகையால் நாங்கள் பூட்டுக் காலத்தை நீட்டாமல், மாதக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர், அச்சகம்:

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது மைக்ரோசொப்ட் 365, அதாவது மின்னஞ்சலும் அலுவலக மென்பொருள்களும் அடங்கிய சந்தாச் சேவை. விலகிச் சென்ற ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர் கடிதங்களை அழித்துவிட்டுப் போனார். குப்பைப் பெட்டியிலிருந்தும் நீக்கப்பட்ட மின்னஞ்சல், அமைப்பை மாற்றாவிட்டால், 14 நாட்கள் வரையே மீட்கக் கிடைக்கும் என்பது அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. தனியாக வாங்கியிருந்த பேக்கப் மென்பொருள் கைகொடுத்தது. அதன் பழைய பதிப்பில் ஓர் அஞ்சலுக்காக முழு அஞ்சல் பெட்டியையும் மீட்க வேண்டும். புதிய பதிப்பில் பெயரையும் திகதியையும் இட்டுத் தேடி, வேண்டிய கடிதத்தை மட்டும் எடுத்தோம்.

கணக்குத் தரவுத்தளம் இருக்கும் சேர்வரை (மையக் கணினியை) பொறுத்தவரை ஒரு குறை இன்னும் உண்டு. மென்பொருள் மாதந்தோறும் சேர்வரின் பிரதியைத் தானாக இயக்கிப் பார்த்து, திரையின் படத்தை ஆதாரமாக அனுப்புகிறது. ஒரு முறை விண்டோஸ் நுழைவுத் திரை அழகாகத் தெரிந்த படம் வந்தது. ஆனால் உள்ளே கணக்குத் தரவுத்தளம் திறக்கவே இல்லை. வழங்குநரிடம் வாதாடி, தரவுத்தளத்தைத் திறந்து கடைசி இன்வொய்ஸ் இலக்கத்தை வாசித்துக் காட்டும் ஒரு சிறு சோதனையை அதோடு சேர்க்கச் செய்திருக்கிறோம். இப்போது எங்கள் கணக்காளர் அந்த இலக்கத்தை முந்தைய நாள் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே அறிக்கையில் கையொப்பமிடுகிறார்.