யூத வீட்டுப் பாட்டி "தூ தூ தூ" என்று துப்பினால் கோபமா?

பொகவந்தலாவைப் பிள்ளை:
அம்மா இஸ்ரேலில் ஒரு வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. போன கிழமை அந்த வீட்டுப் பேத்தி வந்திருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மா ஆசையாக "பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கும்" என்றதும், பாட்டி முகத்தைத் திருப்பி மூன்று தரம் தூ தூ தூ என்றாராம். தேயிலைத் தோட்டத்து ஆள் என்று கேவலமாக நினைத்துவிட்டார்களோ என்று அம்மா ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். தொட்டில் வாங்கியாச்சா என்று கேட்டதற்கும் பேத்தியின் முகம் மாறிப் போனதாம். அங்கே வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொட்டகலை அக்கா:
தங்கச்சி, இன்றைக்கே அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கள், அது அவமதிப்பே இல்லை. நம்ம லயத்தில் பிள்ளையை யாராவது புகழ்ந்தால் அம்மாயி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார் இல்லையா, அதே கண்ணூறுதான். அவர்கள் அதை "அயின் ஹரா" என்பார்கள், கெட்ட கண். இத்திஷ் என்கிற ஐரோப்பிய யூதர்களின் மொழி பேசிய குடும்பத்துப் பெரியவர்கள் "கைன் அயின்ஹோரே" என்று சொல்லியும் துப்புவார்கள், எச்சில்கூட வராது, சத்தம்தான். அம்மா புகழ்ந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் பாட்டி அப்படிச் செய்திருக்கிறார்.

தொட்டில் விஷயமும் இதுதான். கடையில் பார்த்துச் சொல்லி வைப்பார்கள், பிள்ளை பிறந்த பிறகுதான் வீட்டுக்கு வரும். நான் இருந்த வீட்டில் ஒரு நாள் நான் போட்டிருந்த சட்டையிலேயே பொத்தான் தைக்கப் போனேன், அங்கிருந்த பாட்டி பதறி ஓடிவந்து ஒரு துண்டு நூலை என் வாயில் வைத்து மென்றுகொண்டே இருக்கச் சொன்னார். உடம்பில் வைத்துத் துணி தைப்பது பிணத்துக்குத்தானாம், மென்றுகொண்டிருந்தால் உயிரோடு இருக்கிற ஆள் என்று தெரியுமாம்.

மஸ்கெலியா தம்பி:
அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லா வீடும் ஒன்றல்ல. என் சின்னம்மா இருந்தது மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பம், அங்கே கண்ணூறு படாமல் இருக்கச் சுவரெல்லாம் ஹம்சா என்கிற கை உருவம். பேர் வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. அஷ்கனாசிகள், அதாவது ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், உயிரோடிருக்கும் தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்க மாட்டார்கள், ஸ்பெயின், மொரோக்கோ வழி வந்த செபராதிகள் பலர் பெருமையாக வைப்பார்கள். அப்புறம், வாசல் நிலையில் சாய்வாகப் பதித்திருக்கும் மெசூசா என்கிற சின்னப் பெட்டியை இந்த நம்பிக்கைகளோடு சேர்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உள்ளே வேத வசனம் எழுதிய தோல் இருக்கிறது, அது அவர்கள் வேதத்தின் கட்டளை. துடைக்கும்போது மரியாதையாகத் தொடட்டும்.

பொகவந்தலாவைப் பிள்ளை:
அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இப்போதுதான் மனசு ஆறியிருக்கிறது. அந்தப் பேத்தி அடுத்த கிழமையும் வருகிறாளாம். புகழாமல் வேறு என்ன சொல்லலாம்?

கொட்டகலை அக்கா:
"பெஷா தோவா" என்று சொல்லச் சொல்லுங்கள். நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்று அர்த்தம், கர்ப்பிணிக்கு அங்கே அதைத்தான் சொல்வார்கள். "மசல் தோவ்" பிள்ளை பிறந்த பிறகு.