பதினொரு வயது மகளுக்கு முதல் ரைஃபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

பவானிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. உயரம் 138 செ.மீ., எடை 31 கிலோ. கோடை விடுமுறையில் பத்து நாள் முகாம் ஒன்றுக்குப் போனவள், அதன்பின் மூன்று மாதங்களாக வாரம் இரண்டு நாள் ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடக் கிளப்புக்குப் போய் வருகிறாள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படத்தை வெட்டித் தன் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள். எனவே இது நாலு நாள் ஆசை அல்ல என்றே நினைக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், கிளப்பில் சிறுவர்களுக்கு ஏற்ற ரைஃபிள் இரண்டுதான் இருக்கின்றன. ஒரு மணி நேரப் பயிற்சியில் இருபது நிமிடமே அது அவள் கைக்கு வருகிறது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்ததில், கடைக்காரர் நம் நாட்டில் செய்த ஸ்பிரிங் ரைஃபிள் (சுருள்வில்லால் இயங்குவது) ஒன்றைக் காட்டி, "இப்போது கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், பிள்ளை வளர வளரப் பொருந்திவிடும்" என்றார். கிளப்பில் இன்னொரு பையனின் தந்தை, தாங்கள் பயன்படுத்திய ஜெர்மன் பி.சி.பி. ரைஃபிளை (சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது) பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். என் தம்பியோ, எப்படியும் பின்னால் .22 (வெடிமருந்துத் தோட்டாவால் சுடும் ரைஃபிள்) தேவைப்படும், இப்போதே அதற்கு முயன்றால் என்ன என்கிறான். மொட்டை மாடியில், ஏர் ரைஃபிள் போட்டிக்கான பத்து மீட்டர் நீளம் தாராளமாக இருப்பதால் வீட்டிலேயே பழக்கலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்துமீட்டர்

ஐயா, கடைக்காரர் சொன்னது பள்ளிச் சீருடைக்குச் சரி, ரைஃபிளுக்குச் சரியல்ல. பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தால் நடை கெடாது. நீளமான கட்டையுள்ள (தோளில் பதியும் பின்பகுதி) ரைஃபிளைத் தோளில் வைக்கும் குழந்தை, விசைக்கு விரல் எட்ட வேண்டும் என்பதற்காகத் தலையை முன்னால் நீட்டி, இடுப்பைப் பின்னால் வளைத்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கன்னத்தைப் பதிக்கும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றப் பயிற்சியாளருக்கு இரண்டு வருடம் பிடிக்கும்.

அளவு பார்க்க எளிய வழி உண்டு. மகள் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி நிற்கட்டும். ரைஃபிளின் பின்தகட்டை (கட்டையின் கடைசியில் தோளைத் தொடும் தகடு) முழங்கை மடிப்பில் பொருத்திப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையின் மேல் இயல்பாக அமர்ந்தால் நீளம் சரி. விரல் நுனி மட்டும் தொட்டால் அந்த ரைஃபிள் அவளுக்கு இன்னும் பெரிது.

அடுத்தது எடை. பெரியவர்கள் போட்டியில் பிடிக்கும் பத்து மீட்டர் ரைஃபிள் நான்கிலிருந்து ஐந்து கிலோ வரை இருக்கும்; விதிப்படி உச்சவரம்பு ஐந்தரை கிலோ. நாலரை கிலோ ரைஃபிள் என்பது உங்கள் மகளின் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு; எழுபது கிலோ ஆள் ஒருவர் பத்து கிலோ மூட்டையைத் தோளுயரத்தில் அசையாமல் பிடிப்பதற்குச் சமம். பெரியவர்கள் இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்து அந்தச் சுமையை எலும்பின் மேல் இறக்கிவிடுகிறார்கள். வளரும் முதுகெலும்புக்கு அந்த வளைவைக் கற்றுக்கொடுக்க அவசரம் வேண்டாம். முதல் ஆறு மாதம் ஸ்டாண்டின் மேலோ மணல் மூட்டையின் மேலோ குழலைத் தாங்கவைத்து, குறியும் மூச்சும் விசையும் மட்டும் பழகினால் போதும். வால்டர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் கட்டை குட்டையான, எடை குறைந்த ஜூனியர் (சிறுவர்) மாடல்களைச் செய்வதே இதற்காகத்தான்.

இன்னொன்று: எந்தக் கண் வலுவான கண் என்று பார்த்தீர்களா? இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துவாரம் விட்டுத் தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துவாரத்தில் தெரிகிறதோ அதுவே வலுவான கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் வலுவாக இருந்தால், எந்தத் தோள் என்று பயிற்சியாளர் தீர்மானித்த பிறகே ரைஃபிள் வாங்க வேண்டும். இடக்கைக்கான கட்டை வேறு.

ஓப்பன்சைட் ரசிகன்

ஸ்பிரிங் ரைஃபிளை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓப்பன் சைட் (துவாரத் தகடோ லென்ஸோ இல்லாத எளிய குறிமுள்) ஏர் ரைஃபிள் என்று தனிப்பிரிவே இருக்கிறது. அதில் நம் ஊர் ரைஃபிளோடு பதக்கம் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர், சிலிண்டர், காற்று நிரப்பும் செலவு எதுவும் இல்லை. ஜெர்மன் ரைஃபிள் ஒன்றின் விலையில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம் என்பதை நடுத்தரக் குடும்பத்தார் மறக்க முடியாது.

தையல்நாயகி

மேலே எழுதிய நண்பரின் வாதத்தை நம்பித்தான் நானும் மூன்று வருடங்களுக்கு முன் என் மகனுக்கு ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கினேன். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு சுடுதலுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் அது முடியவில்லை. நானோ அவன் தந்தையோ பக்கத்தில் நின்று மடக்கிக் கொடுத்தோம். நாற்பதாவது பெல்லட்டில் (சிறு ஈயக் குண்டு) எனக்கே தோள் வலித்தது. ஒருநாள் பாதியில் என் கை வழுக்கியது. குழல் திரும்பிய வேகத்தில் விரல் தப்பியது தெய்வாதீனம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை உதறல். விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய, ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் போய் முட்டியதும் ரைஃபிள் முன்னால் தள்ளப்படுகிறது. பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே இவை நடந்துவிடுகின்றன. குறி தவறினால் அது பிள்ளையின் பிழையா, துப்பாக்கியின் உதறலா என்று பிரித்தறிய முடியாது. ஐந்து மாதத்தில் என் மகன் விசையைத் தொடும்போதே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டான். பி.சி.பி.யில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆனால் பழைய பி.சி.பி. வாங்குமுன் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைக் கட்டாயம் பாருங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும் பாத்திரம் அது. தயாரான நாளிலிருந்து பத்து வருடம் என்று ஜெர்மன் நிறுவனங்கள் பலவும் இத்தகைய சிலிண்டர்களுக்குக் கெடு வைத்திருக்கின்றன. கெடு கடந்ததை நிரப்பக் கூடாது. புது சிலிண்டரின் விலையையும் சேர்த்துத்தான் "பாதி விலை" உண்மையிலேயே பாதியா என்று கணக்கிட வேண்டும்.

பழைய கேடட்

.22 பற்றி ஒரு வார்த்தை. நான் என்.சி.சி.யில் மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து .22-இல்தான் முதன்முதலாகச் சுட்டேன். அந்த மகிழ்ச்சியை மறுக்கமாட்டேன். ஆனால் அது உரிமம் தேவைப்படும் துப்பாக்கி. அதன் ரவை ஒரு மைலுக்கும் அப்பால் போகக்கூடியது. ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது; பயிற்சிக்காக மட்டும், 12 வயது கடந்தவர்களுக்கு நிபந்தனைகளோடு விதியில் இடம் உண்டு. உங்கள் மகளுக்கு அந்த வயதே இன்னும் ஆகவில்லை. ஐம்பது மீட்டர் போட்டிக்கு அவள் போகும் காலத்தில் கிளப் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏர் ரைஃபிளில் குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது நாலரை மி.மீ.க்குள்ளும், குழலைவிட்டு வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் வேண்டாம். கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். போட்டி ரைஃபிள் அந்த வரம்பில் பாதியைக்கூடத் தொடாது. பத்து மீட்டரில் காகித அட்டையைத் துளைக்க அதற்குமேல் எதற்கு? கடையில் "பவர் அதிகம்" என்று புகழப்படும் மாடல் எதுவும் உங்களுக்கு வேண்டாதது.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகும் ஒரு பெல்லட் அடுத்த தெருவில் ஒருவர் கண்ணைப் பறிக்கப் போதுமானது; போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து காக்கையைச் சுடலாமா என்று கேட்பார்கள். வீட்டில் பெல்லட் இல்லாமல், சுவரில் ஒட்டிய கரும்புள்ளியைக் குறிபார்த்து நிற்கும் பயிற்சி மட்டும் செய்யலாம். அதையும் பெரியவர் ஒருவர் குழலைத் திறந்து பார்த்த பிறகே தொடங்க வேண்டும். முடிந்ததும் ரைஃபிள் பூட்டிய பெட்டிக்குள், சாவி உங்கள் பையில். பெல்லட் ஈயம் என்பதால் ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொட விடாதீர்கள்.

பவானிக்கரை

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நேற்று அளவு நாடாவோடு கிளப்புக்குப் போனேன். மகளின் முழங்கை மடிப்பிலிருந்து விரல் கணு வரை 28 செ.மீ.; கடைக்காரர் காட்டிய ரைஃபிளில் பின்தகட்டிலிருந்து விசை வரை 36. ஜெர்மன் ரைஃபிளின் தகட்டை முழுவதும் உள்ளே தள்ளியும் 31-க்குக் கீழே வரவில்லை. தையல்நாயகி அம்மா சொன்னபடி சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். 2012 என்று பொறித்திருந்தது. விற்பவருக்கே அது தெரியவில்லை. அவர் மகன் சென்ற வாரம் வரை அதை நிரப்பிச் சுட்டிருக்கிறான். இரண்டையும் விட்டுவிட்டேன்.

கண் சோதனையில், வலத்தோளில் வைத்துச் சுடும் அவளுக்கு இடக்கண்தான் வலுவானது என்று தெரிய வந்தது. இப்போதைக்கு இடக்கண்ணை மறைக்கும் சிறு தகடு ஒன்றும், ஐந்நூறு பெல்லட் கொண்ட ஒரு டப்பாவும் மட்டும் வாங்கியிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் காலை ஆறரைக்கே வந்துவிட்டால் ஜூனியர் ரைஃபிள் எட்டு மணி வரை அவளுக்குத்தான் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.