கழுந்து விலகிய பழைய தேக்குக் கதவு: பசை ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி:
கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டில், வளவிலிருந்து (நடு முற்றம்) இரண்டாங்கட்டுக்குப் போகிற கதவு தரையில் உரசுகிறது. பர்மா தேக்கு. கீழ்க் குறுக்குச் சட்டத்தின் கழுந்து, அதாவது நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் செருகியிருக்கும் நாக்கு, நெடுஞ்சட்டத்தை விட்டு விலகி, இடுக்கில் ஐந்து ரூபாய் நாணயம் நிற்கிறது. போன ஐப்பசிக்கு முன்பு ஒருவர் வந்து, அந்த இடுக்கில் வெள்ளைப் பசையை ஊற்றி, இரண்டு இரும்பு ஆணி அடித்தார். நடுப்பலகையைச் சுற்றியும் பசை பூசினார். தை பிறப்பதற்குள் இடுக்கு மறுபடி விட்டது. பலகையில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. கதவை மாற்றக் கூடாது என்கிறார் ஆச்சி. எனக்கும் மனசில்லை. வேறு நல்ல பசை உண்டா?

பதில் (காரைக்குடி, தச்சு வேலை):
தம்பி, பசை அப்புறம். முதலில் கதவை மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கதவு கோணவில்லை, கீழ்க் குடுமி (கதவு சுழலும் முளை) தேய்ந்திருக்கும். அளவு மாறினால் கழுந்துதான்.

கழுந்தை இறுக்கிப் பிடிப்பது, சட்டத்தையும் கழுந்தையும் துளைத்து நிற்கும் மர ஆணி. அது தளர்ந்தால் எந்தப் பசையும் கதவின் பாரத்தைத் தாங்காது. இரும்பு ஆணிகளைப் பிடுங்குங்கள். பழைய மர ஆணியைப் பின்பக்கமிருந்து மொட்டைக் கம்பியால் தட்டி எடுங்கள். கழுந்தை வெளியே இழுத்துப் பாருங்கள், அதில் உள்ள துளை நீண்டு போயிருக்கும். தேக்குத் துண்டு வைத்துப் பசையிட்டு அடைத்துவிடுங்கள். காய்ந்ததும் கழுந்தை முழுக்க நுழைத்து, சட்டத்தின் துளை வழியாக அதில் குறி வையுங்கள். வெளியே எடுத்து, குறியிலிருந்து கழுந்தின் தோள் (கழுந்து தொடங்கும் இடத்திலுள்ள படி) பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளித் துளையிடுங்கள். ஆணி இறங்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் கழுந்தை உள்ளே இழுக்கும். தோள் சட்டத்தோடு ஒட்டி உட்காருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆணியின் முனையைக் கூராகச் சீவ மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கழுந்து பிளந்துவிடும்.

பதில் (தேவகோட்டை):
அண்ணன் சொன்னதுதான் சரி. பசை ஏன் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். தேக்கில் எண்ணெய் உண்டு. புதிதாகச் சீவிய முகத்தை அசிட்டோனால் துடைத்து உடனே பசையிட வேண்டும். பழைய பசைப் படலத்தின் மேல் புதுப் பசை ஒட்டாது, உளியால் மரம் தெரியச் சுரண்டுங்கள். வெள்ளைப் பசை இடுக்கை நிரப்பவும் உதவாது; இரண்டு முகமும் நெருங்கி அழுந்தினால்தான் பிடிக்கும். வளவில் சாரல் அடிக்குமே, சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், தண்ணீர் தாங்குகிற வகை வாங்குங்கள். கிளாம்பு போட்டு ஒரு நாள் விடுங்கள்.

பலகை வெடித்ததற்குக் காரணம் அதைச் சுற்றிப் பூசிய பசை. மழையில் அகலம் கூடும், வெயிலில் குறையும். அதற்காகத்தான் பலகையைக் காடியில் (சட்டத்தில் பலகை செருகும் பள்ளம்) சும்மா நிற்க விடுவார்கள். காடியில் ஒரு சொட்டுப் பசைகூட வேண்டாம்.

கேட்டவர்:
அளந்தேன். 9 மில்லிமீட்டர் வித்தியாசம், கழுந்துதான். ஆணிக்கு மூங்கில் போதுமா அண்ணே?

பதில் (காரைக்குடி):
தாராளமாக. முற்றிய மூங்கிலாக, நன்றாகக் காய்ந்ததாக எடுங்கள். ரம்பத்தால் அறுக்காமல் கத்தியால் பிளந்து சீவுங்கள், அப்போதுதான் நார் அறாமல் நீளமாக ஓடும். வெளித்தோலை ஒட்டிய பகுதிதான் கெட்டி, அதை விடாதீர்கள். கதவைக் கழற்றும் அன்று குடுமியையும் பார்த்துவிடுங்கள்.