மறு: ஸ்கிரீன்காஸ்ட்டுக்குத் தமிழில் என்ன? ‘பேசெழுத்து’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்ததால் இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஸ்கிரீன்காஸ்ட் என்றால் திரைப்பதிவு. முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

மென்பொருள்காரர்களுக்கு முடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பெட்டி திறக்கும் என்று காட்டுகிற படத்துக்குத் திரைப்பதிவு நல்ல சொல்தான். நான் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. டேப்லெட்டில் ஒரு வெற்றுப் பலகையைத் திறந்து, கணக்கை எழுதிக்கொண்டே வாயால் விளக்கினால், எக்ஸ்ப்ளெயின் எவ்ரிதிங், எஜுகிரியேஷன்ஸ் மாதிரிச் செயலிகள் கையையும் குரலையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். கான் அகாடமியைத் தொடங்கிய சல்மான் கான் (நடிகர் இல்லை) 2004இல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். 2006 முதல் யூடியூபில் போட்ட பாடங்களும் இந்த வகைதான். கறுப்புப் பின்னணி, வண்ண எழுத்து, ஒரு குரல். ஆள் முகமே தெரியாது.

இதற்குத் தனிச்சொல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் வீட்டுக்கணக்கு வாட்சப் குழுவில் இரண்டு துண்டாக வரும். நோட்டுப் பக்கத்தின் போட்டோ ஒன்று, விளக்கம் சொல்லும் குரல்செய்தி ஒன்று. நாற்பது பேர் அனுப்பினால் எந்தக் குரல் எந்தப் போட்டோவுக்கு என்று ஜோடி சேர்ப்பதற்குள் ராத்திரி பத்து மணி ஆகிவிடும். இந்தப் பலகைச் செயலிக்கு மாறியதே அந்தத் தலைவலி தாங்காமல்தான். பெரிய கல்வித் தத்துவம் எல்லாம் இல்லை.

மாறிய முதல் வாரம் கொடுத்த கணக்கு: 5 − (x − 3) = 2. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் x = 0 என்று முடித்திருந்தான். நோட்டாக இருந்தால் சிவப்பில் சுழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். அவனுக்கு அடைப்புக்குறி புரியவில்லை, மறுபடி நடத்த வேண்டும் என்று முடிவும் கட்டியிருப்பேன். பதிவை ஓடவிட்டால் கதை வேறு. அடைப்புக்குறிக்கு வந்ததும் ஒரு நொடி நிற்கிறான். “மைனஸ் இன்டு மைனஸ் ப்ளஸ்” என்று தெளிவாகச் சொல்கிறான். சொல்லிக்கொண்டே 5 − x − 3 என்று எழுதுகிறான்! வாய்க்குத் தெரிந்திருக்கிறது, கை மேல்வரியில் இருந்த கழித்தல் குறியைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டது. அடுத்த வரி 2 − x = 2, விடை பூச்சியம். விதி தெரியாத பையன் இல்லை, எழுதும்போது கண் மேலே போய்விடுகிற பையன். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

போட்டோவில் மட்டும் இது தெரியாது, குரலில் மட்டும் கேட்டாலும் சரியாகவே படும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் பிடிபடுகிறது. அதனால் சொல்லிலும் இரண்டும் இருக்க வேண்டும் என்கிறேன். திரைப்பதிவில் கையும் இல்லை, குரலும் இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது.

இழையில் வந்த மற்றவற்றைப் பார்ப்போம்.

‘திரைவீச்சு’. காஸ்ட் என்பதற்கு வீச்சு என்று போட்டிருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு வீச்சு என்றால் மிகப்பெரிய மதிப்பிலிருந்து மிகச்சிறிய மதிப்பைக் கழிப்பது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘திரைவீச்சு அனுப்பு’ என்றால் கழித்து அனுப்புவார்கள்.

‘எழுத்தொலி’. அழகான சொல், ஆனால் எழுத்தின் ஓசையைக் குறிக்கும் இலக்கணக்காரர்கள் வீட்டுச் சொத்து. தவிர, ஒலியா ஒளியா என்று காணொலி, காணொளிச் சண்டையை இன்னொரு முறை தாங்க இந்தக் குழுமத்துக்குத் தெம்பு இல்லை.

‘படிப்பதிவு’. கணக்கைப் படிப்படியாகப் போடுவதால் படி. இதில்தான் எனக்கு நிஜமாகவே சபலம் வந்தது. எழுதிப் பார்த்தேன், வேகமாகப் படித்தால் கண் ‘படிப்பது’ என்று போய்த் தடுக்குகிறது. கையெழுத்துப்படி என்பதில் வரும் படி வேறு குறுக்கே நிற்கிறது. விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை பேசெழுத்து. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: பேசிய, பேசுகிற, பேசும் எழுத்து. டாக்கி வந்த காலத்தில் நம் ஆட்கள் அகராதி புரட்டவில்லை. ஊமைப்படம் பேச ஆரம்பித்தது, ‘பேசும்படம்’ என்றார்கள். 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபோது அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரும்பலகை எழுத்து இப்போது பேச ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லுக்கும் பெரிய பரம்பரை கிடையாது. 2004இல் ஜான் உடெல் என்ற பத்தி எழுத்தாளர், திரையில் நடப்பதைப் பதிந்து காட்டும் புது வகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தன் வலைப்பதிவு வாசகர்களிடமே கேட்டார். வந்தவற்றில் பொறுக்கியதுதான் ஸ்கிரீன்காஸ்ட். நாம் இப்போது செய்கிற அதே வேலை.

> எங்கள் ஊரில் ‘அப்பா பேசினார்’ என்றால் திட்டினார் என்று பொருள். பேசெழுத்து என்றால் பிள்ளைகள் வசவுக் கடிதம் என்று நினைக்கும்.

யாழ்ப்பாணத்து நண்பருடைய இந்த வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நியாயமான எச்சரிக்கை. ஆனால் பேச்சுப்போட்டியும் பேச்சாளரும் அங்கேயும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் வசைபாடிகள் என்பதில்லை. அங்கே பேசுவதைக் ‘கதைப்பது’ என்பார்களே என்று ‘கதையெழுத்து’ ஆக மாற்றினால் இந்தப் பக்கம் சிறுகதைப் போட்டி என்று நினைப்பார்கள். இங்கே முக்கோணம், அங்கே முக்கோணி, இங்கே முக்கோணவியல், அங்கே திரிகோணகணிதம் என்று ஏற்கெனவே இரண்டு வண்டி ஓட்டுகிறோம். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத இந்தச் சொல்லையாவது சேர்ந்தே ஓட்டிப் பார்க்கலாமே.

> தட்டச்சு செய்த உரையைக் கணினி வாசித்துக்காட்டுவதும் ‘பேசும் எழுத்து’தானே? குழப்பம் வராதா?

வரும். இதுதான் இழையிலேயே கனமான மறுப்பு, எனக்கு முழுப்பதில் இல்லை. அங்கே எழுத்து முன்னாடியே இருக்கிறது, குரல் இயந்திரத்தினுடையது. அதை உரைவாசிப்பி என்று ஒதுக்கிவிட்டால் இடம் காலியாகும் என்று நினைக்கிறேன். ஒதுக்குவதற்கு அந்தத் துறைக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். வினையாக்குவதும் சிரமம்தான். ‘பதிவு’ என்றால் ‘பதி’ என்று சொல்லிவிடலாம். இங்கே ‘பேசெழுது’ என்று ஏவ முடியாது, ‘பேசெழுத்தாக அனுப்பு’ என்று நீட்டத்தான் வேண்டும்.

சரி, புழங்கிப் பார்த்துவிடுவோம் என்று நேற்று வகுப்புக் குழுவில், “பயிற்சியில் 4ஆம் கணக்கைப் பேசெழுத்தாக அனுப்பவும்” என்று போட்டேன். முதலில் வந்த பதில்:

“சார், அது எந்த ஆப்? பிளேஸ்டோர்ல வரல.”

அன்புடன்,
கணக்கு வாத்தியார்